கோவைக்கு ரோல் அனுப்பி பிளாஸ்மா போட்டு வாங்குவது: ஒன்றரை வருட அனுபவம்

தண்ணீர் ஒட்டாத பிளாஸ்டிக் துணி ரோலைத் தண்ணீர் குடிக்க வைக்கும் பிளாஸ்மா வேலையைக் கோவையில் ஒரு கம்பெனியிடம் கூலிக்குக் கொடுத்து வாங்குகிறேன், அதைப் பற்றித்தான் இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இதோடு கிளம்பலாம். வேலை நன்றாகத்தான் இருக்கிறது, துணி தண்ணீர் குடிக்கிறது. ஆனால் என்ன செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்பதைப் பில்லிலும் எழுத மாட்டார்கள், ரோலிலும் எழுத மாட்டார்கள், கேட்டால்தான் சொல்வார்கள், அதையும் கேட்கத் தெரிந்து கேட்க வேண்டும். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். குறைத்த ஒன்றரையில் பாதி அவர்கள் தவறு, பாதி என் தவறு. கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை, இன்னும் அவர்களிடம்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன், நாளைக்கும் முகம் பார்க்க வேண்டும்.

எனக்கு ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிப் பக்கம் ஒரு தகர ஷெட், ஆறு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். நான்-ஓவன், அதாவது நெய்யாமல் நாரை ஒட்டிச் செய்யும் துணி, அந்தத் தொழில் என்று சொன்னதும் ஊரில் எல்லோரும் பை தைக்கிறேன் என்றுதான் நினைக்கிறார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் வந்த பிளாஸ்டிக் தடையில் அந்தப் பையும் சேர்ந்துவிட்டது என்று ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சலித்துவிட்டது. நான் செய்வது இரண்டே இரண்டு சாமான். ஒன்று, மீன் துண்டு, உரித்த இறால் எல்லாம் தட்டில் வைத்து மதுரைக்கும் சென்னைக்கும் போகிறதே, அந்தத் தட்டில் மீனுக்கு அடியில் போடும் உறிஞ்சு விரிப்பு. இன்னொன்று, விசைப்படகு என்ஜினுக்கு அடியில் தேங்கும் தண்ணீரில் மிதக்கும் டீசலையும் ஆயிலையும் இழுக்கிற மெத்தை. இந்த இரண்டும் ஒரே பிளாஸ்டிக்தான், பாலிப்புரொப்பிலீன், கடலில் போட்டால் மிதக்கும் கயிறு இருக்கிறதே அதே பிபி. ஆனால் ஒன்று தண்ணீர் குடிக்க வேண்டும், மற்றது குடிக்கவே கூடாது. இந்த வித்தியாசத்தில்தான் பின்னால் வம்பு வந்தது, அதை அப்புறம் சொல்கிறேன்.

பிபிக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. எண்ணெய் என்றால் உறவு. தண்ணீரின் பரப்பு இழுவிசை, அதாவது சொட்டு தன்னைத்தானே இழுத்துப் பிடிக்கும் பலம், சென்டிமீட்டருக்கு 72 டைன், அதைப் பரப்பி இழுக்க வேண்டிய பிபியின் பரப்பு ஆற்றல் 30 டைன் பக்கம்தான் நிற்கும், அதனால் சொட்டு விட்டால் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நிற்கும். எண்ணெய்க்கு அந்த இழுவிசை குறைவு, சட்டென்று பரவிவிடும். ஆகவே டீசல் மெத்தைக்குச் சும்மா வரும் பிபியே அமிர்தம், அதில் கை வைக்கவே கூடாது. மீன் விரிப்புக்குத்தான் தொல்லை. மேலே 20 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 20 கிராம்) ஸ்பன்பாண்ட் என்ற மெல்லிய பிபி நான்-ஓவன் துணி, நடுவில் மரக்கூழ்ப் பஞ்சு, அடியில் பாலித்தீன், நாலு ஓரமும் சூட்டில் ஒட்டியது. நடுவில் இருக்கும் பஞ்சு எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கும், ஆனால் மேல்துணி வழிவிட்டால்தானே. வழிவிடாவிட்டால் மீனிலிருந்து வடியும் நீர் மேலேயே நின்று, மீன் அதிலேயே ஊறி, கடைக்குப் போய்ச் சேரும்போது வாடை வந்துவிடும்.

இதற்குச் சந்தையில் ஹைட்ரோபிலிக் ரோல், அதாவது தண்ணீரை ஏற்கும் ரோல் என்றே தனியாகக் கிடைக்கிறது. பெரும்பாலும் சோப்பு வகையறா மருந்து ஒன்றைத் துணியில் பூசித் தருவார்கள். ரொம்ப நாள் அதைத்தான் வாங்கினேன், குறை சொல்ல முடியாது, விலையும் கம்மி. முதல் தடவை நனையும்போது அழகாகக் குடிக்கும், மருந்து தண்ணீரோடு கரைந்து இறங்கிவிட்டால் அடுத்த தடவை முறைத்துக்கொள்ளும். மீன் தட்டில் ஐஸ் உருக உருக நீர் வந்துகொண்டே இருக்கும், ஒரு தடவையோடு முடிகிற கதை இல்லை. அதோடு சரக்கு எடுக்கிற ஒரு கம்பெனியில், மீனைத் தொடுகிற துணியில் மருந்து எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சரி, என்ன வழி என்று விசாரித்தபோதுதான் பிளாஸ்மா என்ற பேச்சு காதில் விழுந்தது.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். வாயுவுக்குள் மின்சாரம் பாய்ந்து அது உடைந்து ஒளிவிடும் நிலைதான் பிளாஸ்மா, லாங்மூயர் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1928-இல் வைத்த பெயர். மின்னலும் அதுதான், டியூப் லைட்டுக்குள் இருப்பதும் அதுதான். துணியை அதற்கு நடுவே ஓட்டினால், நாரின் மேல்தோல் மட்டும், அதுவும் சில நானோமீட்டர் ஆழத்துக்கு மட்டும் மாறுகிறது. கார்பன், ஹைட்ரஜன் பிணைப்புகள் ஆங்காங்கே அறுந்து, அந்த இடத்தில் ஆக்சிஜன் சேர்ந்த குழுக்கள் ஒட்டிக்கொள்கின்றன. தண்ணீருக்கு அந்தக் குழுக்களைப் பிடிக்கும், அவ்வளவுதான் சமாச்சாரம். மருந்து கிடையாது, தண்ணீர் கிடையாது, காய வைக்கிற வேலை கிடையாது. நம் நாட்டிலும் இது புதிதில்லை, காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவு அங்கோரா முயல் ரோமத்தை நூற்பதற்குத் தோதாக்கவே ஒரு பிளாஸ்மா முறை செய்து வைத்திருக்கிறது.

முதல் லோடு போட்டபோது நானே கூடப் போனேன். இங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல், இரவு பஸ், உடம்பெல்லாம் வலி. ஆனால் அந்த மெஷினைப் பார்த்ததும் வலி மறந்துவிட்டது என்பது உண்மை. இரண்டு மீட்டர் நீளத்துக்குப் பீங்கான் உறை போட்ட கம்பிகள், கீழே ரப்பர் மாதிரி ஏதோ சுற்றிய பெரிய உருளை, இரண்டுக்கும் நடுவே ஒரு நகம் நுழையும் இடைவெளி. சுவிட்சைப் போட்டதும் அந்த இடுக்கில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு எரிந்தது, துணி அதைத் தடவிக்கொண்டு போனது, கூடவே ஒரு "உஸ்" சத்தம். ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்க மெஷின் ஓடினால் ஒரு வாடை வருமே, அதே ஓசோன் வாடை. புகைபோக்கிக் குழாய் வைத்து வெளியே இழுத்துவிட்டிருந்தார்கள், அது நல்ல விஷயம், மூக்கு எரியவில்லை. பக்கத்தில் நின்ற தம்பி ஓடி வந்த துணியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, பாட்டில் மூடியில் தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டார். சொட்டு விழுந்த இடமே தெரியவில்லை. அதே ரோலில் மெஷினுக்குள் போகாத பக்கத்துத் துண்டில் விட்ட சொட்டு முத்து மாதிரி நின்றது. நான் அந்த இரண்டு துண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் வந்து, ஷெட்டில் அக்காமார்களிடம் காட்டி வித்தை காட்டினேன்.

இங்கே ஒரு விஷயம். பிளாஸ்மா என்ற ஒரே பெயரில் மூன்று விதமான வேலை நடக்கிறது. வெறும் காற்றில் ஓட்டும் கொரோனா ஒன்று, நோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பிளாஸ்டிக் தாளில் பிரிண்ட் பிடிக்க வைக்க நெடுங்காலமாக இருப்பது. பொறி பொறியாக விழும், மெல்லிய துணியில் ஊசித் துளை போடவும் வாய்ப்பு உண்டு. அடுத்தது அதே காற்றழுத்தத்தில் ஹீலியம், ஆர்கான், நைட்ரஜன் மாதிரி வாயு விட்டு ஓட்டுவது, இன்னும் சீராக இருக்கும், வாயுச் செலவு தலையில் விழும். மூன்றாவது வெற்றிட அறைக்குள் ரோலை வைத்துச் செய்வது. துணியின் உள்நார் வரை நன்றாகப் போகும், ஆனால் ரோலுக்குள் இருக்கும் காற்றை எல்லாம் உறிஞ்சி எடுத்துத்தான் ஆரம்பிக்க முடியும், தொடர் ஓட்டம் கிடையாது. சாப்பாட்டுச் சாமான் விரிப்புக்கு இவ்வளவு ஆடம்பரம் தேவையில்லை என்பது என் கட்சி. எனக்குச் செய்து தருவது முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் நடுவில் ஏதோ ஒன்று. "பிளாஸ்மாங்களா, கொரோனாங்களா?" என்று நேரடியாகக் கேட்டதற்கு, "ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்று சிரித்தார்கள். ஒன்று இல்லை. ஆனால் 20 ஜிஎஸ்எம்முக்கு வேலை நடக்கிறது, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் புதிதாகத் துளை தெரியவில்லை, நான் மேலே பேசவில்லை.

இப்போது குறைகள்.

இரண்டாவது லோடில், மண்டபத்தில் சரக்கு எடுக்கும் கம்பெனியின் சூப்பர்வைசர் அக்கா கூப்பிட்டு, "தம்பி, பத்துல ஒண்ணு ரெண்டு விரிப்புல தண்ணி அப்படியே நிக்குது, என்னன்னு பாருங்க" என்றார். எல்லாம் ஒரே ரோல், எப்படி? ரோலை விரித்து, இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை கைக்கு ஒரு சொட்டு வீதம் விட்டுக்கொண்டே போனேன். நடுவெல்லாம் குடித்தது. இரண்டு ஓரத்திலும் நாலு விரல் அகலத்துக்கு முத்து முத்தாக நின்றது. விஷயம் என்னவென்றால் கம்பியின் நீளத்தைவிட என் ரோல் அகலம் கொஞ்சம் அதிகம், ஓரத்துக்குப் பிளாஸ்மா எட்டவே இல்லை. இது அவர்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது, ரோலை மெஷினில் ஏற்றும்போதே கண்ணில் படும். ஒரு போன் போட்டுச் சொல்லியிருந்தால் ஓரத்தை வெட்டி ஒதுக்கியிருப்பேன். இப்போது ரோல் வாங்கும்போதே அகலம் குறைத்து வாங்குகிறேன்.

அடுத்தது அளவு. மீட்டர் கணக்குக்குத்தான் பில் போடுகிறார்கள், ஆனால் மீட்டருக்கு எவ்வளவு கரண்ட் பட்டது என்பதுதான் சரக்கு. இதைக் கணக்குப் போடுவது சுலபம். மெஷின் 2000 வாட்டில் ஓடுகிறது, ரோல் அகலம் 1 மீட்டர், ஓட்டம் நிமிடத்துக்கு 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் சதுர மீட்டருக்கு 100 வாட் நிமிடம். வேலை நெருக்கடியில் ஓட்டத்தை 40-க்கு ஏற்றினால் 50 ஆகிவிடும், வெளியில் பார்த்தால் துணி அதே வெள்ளைத்துணிதான், ஒரு வித்தியாசமும் தெரியாது. சரி, அதிகம் போட்டால் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். அளவு மீறினால் மேல்தோல் சிதைந்து துகள் துகளாகி, முதல் தண்ணீரிலேயே கழுவிக்கொண்டு போய்விடும், பழைய மருந்து ரோல் கதைதான். வாட், ஓட்டம், அகலம் இந்த மூன்றையும் பில்லுக்குப் பின்னால் எழுதித் தரச் சொல்லி நாலைந்து தடவை சண்டை போட்ட பிறகு இப்போது பேனாவால் கிறுக்கித் தருகிறார்கள். கிறுக்கல்தான், ஆனால் படிக்க முடிகிறது.

என் தவறு என்று சொன்னேனே, அது இது. போன வருடம் ஏப்ரல் முதல் வாரத்தில் மூன்று ரோல் மொத்தமாகப் போட்டு வாங்கினேன், லாரி வாடகை மிச்சம் என்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம் என்பது இந்தக் கரையில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், எனக்கும் தெரியும், ஆனால் ரோல் என்ன மீனா கெட்டுப்போக என்று நினைத்தேன். நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், அதற்கு வேண்டியது ஒரு ரோல்கூட இல்லை. மிச்ச இரண்டும் தகர ஷெட்டில், மே மாத வெயிலில், பாலித்தீன் சுற்றியபடி கிடந்தன. வாங்கும்போது கேட்டிருந்தேன், எவ்வளவு நாள் தாங்கும் என்று. "ஆறு மாசம் ஒண்ணும் ஆகாதுங்க" என்று மேஜையில் இருந்தவர் சொன்னார்.

ஜூன் 15 ராத்திரி படகு திரும்ப ஆரம்பித்தது. காலையில் ரோலைப் பிரித்துச் சொட்டு விட்டேன். ஏப்ரலில் ஒன்று என்று எண்ணுவதற்குள் மறைந்த சொட்டு, உருண்டு நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அரை நிமிடம் கழித்து மனசில்லாமல் அடியில் கொஞ்சம் இறங்கியது, பிறகும் முழுதாக இறங்கவில்லை.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பிளாஸ்மா ஒட்ட வைத்த குழுக்கள் மேலேயே நிற்பதில்லை, பிபியின் நீளச் சங்கிலிகள் மெல்லப் புரண்டு புரண்டு அவற்றை உள்பக்கம் திருப்பிக்கொள்கின்றன, துணியில் முன்பே கலந்திருக்கும் வழுக்கு மருந்து மாதிரி சமாச்சாரங்களும் மெதுவாக மேலே ஏறி வந்து மூடிக்கொள்கின்றன. சூடு அதிகமானால் இந்தப் புரளல் வேகமாகும். நான் செய்தது ஐஸ் போடாமல் மீனை வெயிலில் வைத்தது மாதிரிதான், வாடை மட்டும் வரவில்லை. திரும்ப ஒரு தடவை மெஷினில் ஓட்டினால் சரியாகிவிடும், ஓட்டினார்கள், சரியானது, கூலியும் லாரி வாடகையும் இரண்டாம் தடவை என் கணக்கில். ஆறு மாசம் என்று சொன்னவரிடம் கேட்டதற்கு, "ஏசி ரூம்ல வெச்சிருந்தா ஆகியிருக்காதுங்க" என்றார். உச்சிப்புளியில், தகர ஷெட்டில், ஏசி ரூம்! என்ன சொல்வது.

வம்பு என்று முதலில் சொன்னது இதற்குப் பிறகு நடந்தது. ஒரு தடவை ரோல் வாங்கும் கடையிலிருந்தே நேரடியாக ஜாப் ஒர்க்குக்கு அனுப்பச் சொன்னேன். அதில் மீன் விரிப்புக்கான ஸ்பன்பாண்டும், டீசல் மெத்தைக்கான, ஊசியால் குத்தி நாரைப் பிணைத்த தடித் துணியும் சேர்ந்து போயின. தடித் துணியை அங்கே இறக்கவே வேண்டாம், அதே வண்டியில் இங்கே வந்துவிடட்டும் என்று டிரைவரிடம் சொல்லி, கம்பெனிக்கும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். அவர்கள் எல்லாவற்றையும் இறக்கி, எல்லாவற்றையும் ஓட்டி, எல்லாவற்றுக்கும் பில் போட்டுவிட்டார்கள். எனக்குத் தெரியவில்லை, தடித்துணி ரோலில் எழுதினால்தானே தெரியும். மெத்தை வெட்டி, தென்கடல் துறையில் இரண்டு படகுக்குக் கொடுத்தாகிவிட்டது.

மூன்றாம் நாள் படகுக்காரர் ஒருவர் ஷெட்டுக்கே வந்துவிட்டார், கையில் அந்த மெத்தை, தண்ணீர் சொட்டச் சொட்ட. "ஏப்பா, நீ குடுத்தது ஆயில் குடிக்கிற மெத்தையா, தண்ணி குடிக்கிற மெத்தையா?" நியாயமான கேள்வி. என்ஜின் அடித் தண்ணீரில் போட்டவுடனே கண்டபடி தண்ணீரைக் குடித்துக் கனத்துக் கிடந்திருக்கிறது, டீசல் பாட்டுக்கு மேலே வானவில் காட்டிக்கொண்டு மிதந்திருக்கிறது. அவர் அதைப் பிழிந்து காட்டினார், எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கோவைக்குப் போன் போட்டேன். மெஷின் ஓட்டும் தம்பி எடுத்தார், பாவம், "அண்ணா, மெஷினுக்கு எந்த ரோலு எதுக்குன்னு தெரியுமாங்க?" என்று கேட்டார். மெஷினுக்குத் தெரியாது, வாஸ்தவம். மேஜையில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வாரம் இழுத்து, அந்த ரோலுக்குப் போட்ட கூலியைக் கழித்துக் கொடுத்தார்கள், ரோலின் விலையைக் கொடுக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால் மிச்சம் கிடந்த அந்தத் தடித்துணி இரண்டு மூன்று மாதத்தில் தன் பழைய புத்திக்குப் பாதி திரும்பிவிட்டது. பாதிதான், படகுக்குக் கொடுக்க மனசு வரவில்லை, ஷெட்டுத் தரை துடைக்கிறோம்.

இந்த வேலையை வெளியில் கொடுக்க நினைக்கும் ஆட்களுக்கு ஒன்று சொல்வேன். டைன் பேனா என்று ஒன்று விற்பார்கள், மை இழுத்தால் பரவுகிறதா சுருங்குகிறதா என்று பார்ப்பது. பிளாஸ்டிக் தாளுக்கு அது சரி, நான்-ஓவனுக்கு ஏமாற்றும், ஓட்டைத் துணி என்பதால் மை எப்படியும் நார் இடுக்கில் இறங்கிவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் கண்ணாடிச் சொட்டுக்குழாய் போதும். ஒரே உயரத்திலிருந்து, ஓரம் முதல் ஓரம் வரை பத்துச் சொட்டு, போனில் ஸ்டாப்வாட்ச். நல்ல தண்ணீரிலேயே பாருங்கள், மீன் வடிநீரில் பார்க்க வேண்டாம், அதில் புரதம் கலந்திருப்பதால் பரப்பு இழுவிசை குறைந்து சுமாரான துணியையும் நனைத்துவிடும், துணி நல்ல பிள்ளை மாதிரி தெரியும். சொட்டு விடும் இடத்தில் கை படக் கூடாது, விரல் எண்ணெய் பட்டாலே ரிசல்ட் மாறும். ஷெட்டில் கட்டிங் மெஷின் பிளேடுக்கு ஒருமுறை சிலிக்கோன் ஸ்பிரே அடித்துவிட்டு, அன்றைக்கு முழுக்க ஏன் சொட்டு நிற்கிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டேன், அந்தக் கதையை விடுங்கள். சான்றிதழோடு ரிப்போர்ட் வேண்டும் என்று பெரிய கம்பெனி கேட்டால் கோவையில் சிட்ரா இருக்கிறது, 1956-இலிருந்து இருக்கும் ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், மருத்துவத் துணிகளுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள்.

கூலி எவ்வளவு என்று கேட்பீர்கள். அகலம், ஜிஎஸ்எம், மொத்த மீட்டரைப் பொறுத்து மாறுகிறது, என் ரேட்டைச் சொல்லி உங்களைக் குழப்ப விரும்பவில்லை. ஆனால் இங்கிருந்து அனுப்புகிற ஆளுக்குக் கூலியைவிட வண்டி வாடகைதான் கண்ணைக் கட்டும், ரோல் கனமில்லை, இடம் அடைக்கும், காற்றுக்கு வாடகை கொடுப்பது மாதிரி. அதனால்தான் எல்லோருக்கும் மொத்தமாகப் போட்டு வைக்கத் தோன்றும், அப்படிப் போட்டு வைத்தால் என்ன ஆகும் என்று மேலே எழுதிவிட்டேன். பக்கத்திலேயே மெஷின் போடலாமே என்று மதுரையில் ஒரு நண்பர் யோசனை சொன்னார். உப்புக்காற்றில் ஷெட் கதவுக் கீலே வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறேன், இதில் பல கிலோவோல்ட் ஓடும் பெட்டியை வைத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஏற்பாடு இதுதான். ஒரு தடவைக்கு ஒரு ரோல், மூன்று வாரத்தில் தீர்கிற அளவு. ஓட்டிய தேதியும் எந்தப் பக்கம் மேல்பக்கம் என்பதும் ரோலின் அட்டைக்குழாய்க்கு உள்ளே மார்க்கரில் எழுதியிருக்க வேண்டும், வெளிக்காகிதத்தில் எழுதினால் கிழிந்துபோகிறது. டீசல் மெத்தைத் துணி அந்தப் பக்கமே போவதில்லை, வேறு வண்டி. வந்த அன்றே பத்துச் சொட்டு, தீரும்வரை வாரம் ஒரு தடவை ஐந்து சொட்டு, அதற்கென்று அக்கா ஒருவர் நோட்டுப் போட்டு எழுதுகிறார், என்னைவிட அவர் கறார், இரண்டு எண்ணுவதற்கு மேல் போனால் ரோலை ஓரமாக நிறுத்திவிடுகிறார். இந்தத் தடைக்காலத்துக்கு மே மாதம் ஒரு ரோலும் வேண்டாம், ஜூன் 10-ஆம் தேதி ஓட்டி 12-ஆம் தேதி இங்கே வந்து சேர்ந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். "சரிங்க, பாத்துக்கலாமுங்க" என்றார் மேஜைக்காரர். 9-ஆம் தேதி காலையில் ஒரு தடவை போன் போட வேண்டும்.